ரிப்பன் கட்டிய பெல்ட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அமீருதீன் ஏறாத கூரை என்று ஒன்று இருந்தால், அது அவர் பிறப்பதற்கு முன்பே இடிந்துபோன கூரையாகத்தான் இருக்கும். இதை அவரே சொல்வார். கேட்டவர் யாரும் மறுத்ததில்லை. மறுக்க முடியாது. ஆவடிப் பக்கம் பாதி ஷெட்டுகள், நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய குடோன்கள், இங்கே பேட்டைக்குள் வடக்கு வரிசை மொத்தமும் அவர் ஆட்கள் ஷீட் போட்டவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பூந்தமல்லியில் மூட்டை தூக்கிய ஒரு மனிதரின் மூன்றாவது பிள்ளை. பதினாலு வயதில் பேட்டைக்கு வந்து நட்டு போல்ட் பொறுக்கிக் கொடுத்தார். முப்பது வயதில் தன் பெயருக்கே லைசென்ஸ் வாங்கினார். விண்ணப்பத்தைக் கூட யாரையும் எழுதச் சொல்லாமல், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவரே எழுத்துக் கூட்டி எழுதினார். கையெழுத்தில் கடைசி எழுத்துக்கு ஒரு நீண்ட வால் இழுப்பார். அந்த வால்தான் தன் பட்டப்படிப்பு என்பார்.

கூரை மேல் அவருக்குச் செருப்பு கிடையாது. வெறுங்கால்தான். சிமெண்ட் ஷீட்டில் கால் வைத்தால் அதன் வயதைச் சொல்வார். போல்ட் வரிசைக்கு அடியில் இரும்புச் சட்டம் ஓடும், அந்த வரிசையில் நடந்தால் ஷீட் தாங்கும், அதை விட்டு ஒரு சாண் விலகினால் தாங்காது. அவர் முன்னால் நடப்பார், ஆட்கள் அவர் கால் வைத்த இடத்தில் கால் வைப்பார்கள். ஏணி ஏறும்போது கைப்பிடிக் கம்பியைத் தொடமாட்டார். அறுபத்தொரு வயதிலும் தொடமாட்டார். புது மேனேஜர் எவர் வந்தாலும் முதல் நாளே அவர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "முப்பத்தொரு வருஷம் சார். என் ஆளு ஒருத்தன் கீய வியுந்ததில்ல." சொல்லிவிட்டுத் தன் இரண்டு உள்ளங்காலையும் காட்டுவார். அது வெறும் பெருமை இல்லை, நிஜம். சென்ற வருடம் ஐப்பசிக்கு முன்பு வரை நிஜம்.

அவரிடம் ஏழு பேர் வேலை செய்தார்கள். அதில் மூத்தவன் கள்ளிக்குப்பத்துத் திருமுருகன். வயது நாற்பத்து நாலு. பத்தொன்பது வருடமாகக் கூடவே இருந்தவன். வேலையில் கெட்டிக்காரன், ஆனால் வேகம் கிடையாது. ஒரு போல்ட்டை முறுக்கினால் இறங்குவதற்கு முன் மூன்று தரம் தொட்டுப் பார்ப்பான். வீட்டிலும் அப்படித்தான். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். அவன் மனைவி எழிலரசி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அமீருதீனும் சிரிப்பார். "முருகன் தொட்ட போல்ட்டு மறுமை நாள்ல கூட கயலாது" என்பார். அதில் கேலி பாதி, பாசம் பாதி. நோன்புக் கஞ்சி வாளி வருடா வருடம் பூந்தமல்லியிலிருந்து கள்ளிக்குப்பத்துக்குப் போகும். தீபாவளிப் பலகாரம் அங்கிருந்து இங்கே வரும்.

சென்ற வருடம் மழைக்கு முன் பேட்டையில் ஒரு லாரி உதிரிபாகக் கம்பெனியின் பெரிய ஷெட் வேலை வந்தது. பழைய சிமெண்ட் ஷீட்டைக் கழற்றிவிட்டு இரும்பு ஷீட் போட வேண்டும். முப்பத்திரண்டு அடி உயரம். வெளிச்சத்துக்காக நான்கு ஷீட்டுக்கு ஒன்று வீதம் கண்ணாடி மாதிரி ஃபைபர் ஷீட் போட்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்து காய்ந்து அது அப்பளமாகிவிட்டிருந்தது. அதோடு விட்டார்களா? சில வருடம் முன்பு ஷெட்டுக்குள் சூடு தாங்காமல், கூரை மொத்தத்துக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேலே நின்று பார்த்தால் எது சிமெண்ட், எது அப்பளம் என்று கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை.

அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி ஸ்வாதி என்ற பெண். தென்காசிப் பக்கத்துக்காரி, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருந்தாள். இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். கூரையில் கம்பங்கள் நட்டு நீளமாக இரும்புக் கயிறு இழுக்க வைத்தாள். ஃபைபர் ஷீட் ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புப் பெயிண்ட்டில் கோடு போடச் சொன்னாள். கீழே வலை கட்ட வேண்டும் என்றாள். மேனேஜர் சரவணக்குமார், மெஷின் ஓடும்போது வலை கட்ட முடியாது, வேலை தொடங்கிய பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டலாம், வேலையைத் திங்கட்கிழமையே தொடங்குங்கள் என்றார். சிவப்புக் கோட்டைப் பொறுத்தவரை அமீருதீனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் கால் இருக்கும்போது பெயிண்ட் எதற்கு என்று கேட்டார். அந்தப் பெண் மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே பாய்க்கு அனுபவம் இருக்கிறது என்று முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை ஸ்வாதி ஏழு புது பெல்ட் கொண்டுவந்தாள். அதுவரை இவர்களிடம் இருந்தது ஒரு கயிறு, ஒரு கொக்கி வைத்த பெல்ட். இரும்புக் கயிற்றில் கொக்கியை மாட்டிக்கொண்டே நடக்கலாம், ஆனால் பத்தடிக்கு ஒரு கம்பம் குறுக்கே வரும். கம்பத்தைத் தாண்டக் கொக்கியைக் கழற்றி, ஓர் எட்டு வைத்து, அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். அந்த ஓர் எட்டுக்கு மனிதன் எதிலும் கட்டப்பட்டிருக்க மாட்டான். புது பெல்ட்டில் இரண்டு கயிறு, இரண்டு கொக்கி. ஒன்றை அந்தப் பக்கம் மாட்டிய பிறகே இன்னொன்றைக் கழற்ற வேண்டும். "எந்த நேரத்துலயும் ஒரு கொக்கி கம்பியில இருக்கணும். ரெண்டும் ஒண்ணா உங்க கையில இருக்கவே கூடாது" என்று ஸ்வாதி செய்து காட்டினாள். ஆறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். திருமுருகன் மட்டும் பெல்ட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு, தரையில் நட்டிருந்த ஒரு கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நான்கு தரம் மாட்டிக் கழற்றிப் பழகினான்.

"நல்லா கீது பாய். ஒரு கை உட்டாலும் இன்னொரு கை புட்ச்சிகினு கீற மாதிரி."

அமீருதீனுக்குள் என்னவோ குத்தியது. பத்தொன்பது வருடம் தன் காலடியைப் பார்த்து நடந்தவன், ஒரு சின்னப் பெண் கொண்டுவந்த கயிற்றைப் பார்த்து நல்லா இருக்கிறது என்கிறான். இது அவர் பின்னால் தானே யோசித்துக் கண்டுபிடித்தது. அன்றைக்கு அவருக்குத் தெரிந்ததெல்லாம் எரிச்சல்தான்.

செவ்வாய்க்கிழமை காலை வரும் வழியில் அம்பத்தூரில் ஒரு ஃபேன்ஸி கடையில் ஒரு முழம் சிவப்பு ரிப்பன் வாங்கினார். டீ நேரத்தில் திருமுருகன் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது, இரண்டு கொக்கியிலும் ரிப்பனைப் பூப்போல முடிந்து வைத்தார். அவன் திரும்பி வந்து பெல்ட்டை எடுத்ததும் எல்லாரும் பார்த்தார்கள்.

"இன்னா முருகா, ரெட்ட ஜட போட்டுகினு எந்த ஸ்கூலுக்குக் கெளம்பிட்ட?"

ஷெட்டே சிரித்தது. ஒருவன், டீச்சரம்மா அடிப்பாங்க, வீட்டுப்பாடம் முடிச்சியா என்றான். இன்னொருவன் பாவாடை எங்கே என்றான். திருமுருகனும் சிரித்தான். "போங்க பாய், உங்களுக்கு வேற வேல இல்ல" என்றான். அன்று சாயந்திரம் வரை எல்லாரும் அவனை ஸ்கூல் பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். முதலில் தொடங்கிவைத்தவரும் அதிகம் கூப்பிட்டவரும் அமீருதீன்தான்.

புதன்கிழமை திருமுருகன் பழைய ஒற்றைக் கொக்கி பெல்ட்டோடு கூரை ஏறினான். ரிப்பன் கட்டிய பெல்ட் ஸ்டோர் அறையில் தகரப்பெட்டிக்குள் போய்விட்டது. அமீருதீன் அதைப் பார்த்தார். பார்த்து, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அவர் கீழே மேனேஜர் அறையில் இருந்தார். வேறு ஊரிலிருந்து இரண்டு பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். சரவணக்குமார் அவர்களுக்குப் பாயை அறிமுகம் செய்துவைத்தார். பாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பத்தொரு வருஷம் சார் என்று தொடங்கினார். வாசகத்தை முடித்தாரா இல்லையா என்று அவருக்கு இன்றைக்கும் நினைவில்லை. வெளியே ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. அப்பளம் நொறுங்கும் சத்தம், பிறகு கனமாக ஒரு சத்தம், பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கம்பத்தைத் தாண்டக் கொக்கியைக் கழற்றியிருக்கிறான். எட்டு வைத்த இடம் ஃபைபர் ஷீட். அவ்வளவுதான். முன்னால் நடக்கும் காலும் அன்று இல்லை, சிவப்புக் கோடும் இல்லை, வலையும் இல்லை. கொக்கி கையில் இருந்தது. அமீருதீன் ஓடிவந்து பார்த்தபோதும் விரல்கள் கொக்கியைப் பிடித்தபடியே இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸில் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொக்கியை எடுத்தவர் அவர்தான். அதற்குள் கை குளிர ஆரம்பித்திருந்தது.

சுடுகாடு வரை போனார். பாடைக்குத் தோள் கொடுத்தார். இரண்டாம் நாள் எழிலரசி அவரைக் கூப்பிட்டாள். கள்ளிக்குப்பத்தில் மாடி வீடு அவர்களுடையது, வெளிப்பக்கமாகப் படி. படி ஏறி வாசலில் நின்றார். அவள் அழுது முடித்த முகத்தோடு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கம்பெனில இருந்து வந்தவங்க அஜாக்கிரதன்னு சொல்றாங்க பாய். கேஸ மூடிட்டு, திரும்ப வந்து தொட்டுப் பாத்துட்டுப் போற மனுஷன். அவரு ஏன் கொக்கிய கயட்னாரு?"

"நேரம்மா. நேரம் அப்டி ஆய்ட்ச்சி" என்றார்.

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் அமீருதீனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மனைவி குல்ஷன் என்ன என்று விடாமல் கேட்டாள். ரிப்பன் விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, விளையாட்டுக்குச் செய்ததுதானே என்று தனக்குத்தானே சொல்வதுபோல் முனகினார். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, "செத்தவரு எயுந்து வந்து சொல்லமாட்டாரு. நீங்கதான் கீறீங்க" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். மேனேஜர் ஒரு தாளை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். அமீருதீன் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். பாதுகாப்புக் கருவிகள் முறையாக வழங்கப்பட்டிருந்தும், மேற்படி தொழிலாளி தனது சொந்த அஜாக்கிரதையால் அவற்றைப் பயன்படுத்தாமல் என்று போயிற்று. அஜாக்கிரதை என்ற சொல்லில் அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் நிற்கும், உங்கள் பெயரும் கெடாது, எங்கள் பெயரும் கெடாது, விபத்துதானே பாய் என்று சரவணக்குமார் காதோரம் சொல்லிப் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். வால் இழுக்கும் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆய்வாளர், வழங்கிய கருவிகளைக் காட்டுங்கள் என்றார். தகரப்பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்துத் திறந்தார்கள். ஏழு புது பெல்ட். ஆறு பெல்ட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ஏழாவதில் இரண்டு கொக்கியிலும் சிவப்பு ரிப்பன், பூப்போல முடிந்தபடி.

இது என்ன என்று ஆய்வாளர் கேட்டார். ஸ்வாதி பார்த்துவிட்டுத் தெரியாது என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது. சரவணக்குமார் முந்திக்கொண்டார். பரிசோதித்த பெல்ட்டுக்கு அடையாளம் சார், சரிபார்த்ததும் ரிப்பன் கட்டுவோம் என்றார். ஆய்வாளர் அதையே எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். சுவர் ஓரம் நின்ற ஆறு ஆட்களும் தரையைப் பார்த்தார்கள்.

அவ்வளவு சுலபமான வழி. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரிப்பன் அடையாளமாகிவிடும், திருமுருகன் அஜாக்கிரதையாகிவிடுவான், அமீருதீன் அமீருதீனாகவே இருந்துவிடலாம்.

"அத எய்தாதீங்க சார்" என்றார் அமீருதீன். "நான் கட்னது அது."

பிறகு அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு முழம் ரிப்பன் வாங்கியது, முடிந்தது, எந்த ஸ்கூலுக்கு என்று கேட்டது, சாயந்திரம் வரை கூப்பிட்டது, சிவப்புக் கோடு வேண்டாம் என்று தடுத்தது. வலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனதையும் விடவில்லை. சரவணக்குமார் இரண்டு தரம் குறுக்கே பேசப் பார்த்தார். ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். ஸ்வாதி பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவள் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் அமீருதீன் சொன்னது இதுதான்: "அந்த ஏயு பேர்ல மேடம் சொன்னத கேட்டவன் அவன் ஒருத்தன்தான் சார். அவன நான்தான் கேக்காதவனா ஆக்கனேன். அஜாக்கிரதன்னு எய்தறதா இருந்தா என் பேருக்கு நேரா எய்துங்க."

அப்படியே எழுதினார்கள். அடித்து வைத்த தாள் குப்பைக்குப் போயிற்று. புதுத் தாளில் கம்பெனி பெயரும் வந்தது, அவர் பெயரும் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். வால் இழுக்கவில்லை. முப்பது வயதில் வாங்கிய லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் பின்னால் வந்தது, அது வேறு கதை. பெல்ட்டை ரிப்பனோடு உறையில் போட்டு ஒட்டி எடுத்துப் போனார்கள்.

அன்று மதியமே கள்ளிக்குப்பம் போனார். எழிலரசி வாசலில் நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. விசாரணையில் சொன்னதை எல்லாம் மறுபடி சொன்னார். அங்கே நிமிர்ந்து நின்று சொன்னவர், இங்கே வாசற்படியைப் பார்த்தபடி சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"தெரியும் பாய்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு சாயந்தரமே வந்து சொன்னாரு. சிரிச்சிகினுதான் சொன்னாரு. மறுநா காலைல பொண்ணுக்கு ஜட பின்னிகினு இருந்தேன். செவப்பு ரிப்பன் வாணாம், கறுப்பு கட்டுன்னாரு. அப்பதான் எனக்கு அது சிரிப்பு இல்லன்னு தெரிஞ்சிது."

"அப்ப என்ன ஏம்மா கேட்ட?"

"நீங்களா சொல்லுவீங்களான்னுதான். பதினோரு நாளு பாத்துகினு இருந்தேன்."

கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி போயிற்று. எழிலரசி உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்தாலாவது பரவாயில்லை என்று அவருக்குப் பட்டது.

"பொண்ணு நாலு மணிக்கு வரும். க்ளாஸ்ல யாரோ உங்கப்பா கவனமா இல்லாம வியுந்துட்டாருன்னு சொல்லிட்டாங்களாம். அதுங்கிட்டயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க."

படியிலேயே நின்று காத்திருந்தார். இரண்டு மணி நேரம். அவள் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள், அவர் உட்காரவில்லை. நாலு மணி தாண்டிப் பள்ளிப் பை முதுகில் அழுந்த அந்தப் பெண் படி ஏறி வந்தாள். எட்டாம் வகுப்பு. இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய கறுப்பு ரிப்பன். நோன்புக் கஞ்சி வாளியை வாங்க ஓடிவருகிற பிள்ளை. பாய் மாமா என்று கூப்பிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

அவர் ஒரு படி கீழே இறங்கி அவள் உயரத்துக்கு வந்து சொன்னார். உங்கப்பா கவனம் இல்லாமல் விழவில்லை, அவருக்கு நல்ல பெல்ட் கொடுத்திருந்தார்கள், அதைக் கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், நான் கேலி செய்ததால் கழற்றி வைத்தார் என்றார். என்ன கேலி என்று அவள் கேட்டாள். அதையும் சொன்னார். சொல்லும்போது அவள் காதோரம் தொங்கிய ரிப்பனைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

அவள் கை தானாகச் சடையைத் தொட்டது.

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"அப்பாவும் சிரிச்சாரா?"

"சிரிச்சாரும்மா" என்றார் அமீருதீன்.

அவள் செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்து, சரியாக இருக்கிறதா என்று குனிந்து இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பதினாறு படி. அம்பத்தூரின் அத்தனை கூரையிலும் வெறுங்காலோடு நடந்தவர், ஏணிக் கைப்பிடியை ஒருநாளும் தொடாதவர், அந்தப் பதினாறு படியையும் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒவ்வொன்றாக இறங்கினார்.